அனல் வாரத்துக்குப் பத்து மதிப்பெண்

பதினொரு நிமிடம் அழுதால் பத்து மதிப்பெண். பாடத்திட்டத்தில் இப்படிப் பச்சையாகப் போடமாட்டார்கள். 'உணர்வுப் பதிவு அறுபதுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும்' என்று போட்டிருப்பார்கள். எப்படிப் போட்டால் என்ன, சங்கதி ஒன்றுதான். பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. அனல் வாரப் பாடம் நடக்கும் நாளில் பாதிப் பேர் காலைச் சாப்பாட்டைத் தொடாமல் வருவார்கள். வெறும் வயிற்றில் அழுகை சீக்கிரம் வரும் என்று போன வருடத்து அண்ணன்மார் சொல்லிக் கொடுத்த ரகசியம் அது.

காட்பாடிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சுகிர்தா டீச்சர் பன்னிரண்டு வருடமாக ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுத்துவந்தாள். அசோகரையும் அக்பரையும் நடத்துவதில் அவளுக்குச் சலிப்பில்லை. இந்த ஒரு பாடம் வந்தால்தான் தலைவலி.

2049-ஆம் ஆண்டு மே மாதம் நாடு முழுவதும் மின்சாரம் போயிற்று. ஆறு நாள் வரவில்லை. வெயிலோ ஐம்பதைத் தாண்டியது. விசிறி சுற்றவில்லை, மோட்டார் ஓடவில்லை, குழாயில் தண்ணீர் ஏறவில்லை. மூன்று லட்சம் பேர் செத்துப்போனார்கள். பாடப்புத்தகத்தில் இதற்கு ஐந்து வரியும் ஒரு படமும் கொடுத்திருந்தார்கள். அது நடந்து முப்பத்தேழு வருடம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வீடு குளிர்சுவர் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு 'வெயிலில் செத்தார்கள்' என்பது 'நிலவில் வழுக்கி விழுந்தார்கள்' என்பது மாதிரிதான். இதில் இன்னொரு கூத்து, மே மாதம் பள்ளிக்கூடம் கிடையாது. ஆகவே அனல் வார நினைவு நாளை வசதிக்காக ஆகஸ்டுக்கு மாற்றியிருந்தார்கள். வெளியே தூறல் போட்டுக்கொண்டிருக்கும்.

புத்தகம் போதாது என்று அரசாங்கத்துக்கே தெரிந்துதான் நினைவுப் பட்டையைக் கொடுத்தார்கள். நெற்றியில் கட்டிக்கொண்டால், அனல் வாரத்தைப் பிழைத்த ஒருவரின் நினைவு அப்படியே உள்ளே ஓடும். அந்த ஒருவர் கருணாகரன் என்ற தண்ணீர் லாரி ஓட்டுநர். மூன்று நாள் தூங்காமல் தெருத்தெருவாகப் போய் லாரித் தண்ணீர் முழுவதையும் ஊருக்கு ஊற்றியவர். பட்டை கட்டிய பிள்ளை பதினொரு நிமிடம் கருணாகரனாகவே இருக்கும். தொண்டை வறளும், குழாய் சுடும், மயங்கி விழுந்த குழந்தையின் வாயில் தண்ணீர் விடும்.

நல்ல மனிதர், நல்ல நினைவு. சிக்கலே அதுதான். பன்னிரண்டு வருடமாக சுகிர்தாவின் மாணவர்கள் எல்லோரும் பதினொரு நிமிடம் நல்லவர்களாக இருந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பிடப் போனார்கள். எல்லாரும் கருணாகரன் என்றால் மூன்று லட்சம் பேர் எப்படிச் செத்தார்கள் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. ஒரு பிள்ளையும்.

அந்த வருடமும் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவின் நாற்பத்தொரு பேரும் பட்டையைக் கட்டினார்கள், அழுதார்கள், கழற்றினார்கள். கழற்றிய கையோடு "எனக்கு எழுவத்தி நாலு", "எனக்கு அறுவத்தி எட்டு" என்று சந்தைக்கடை தொடங்கிவிட்டது. சுகிர்தா மேசையைத் தட்டி, யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றாள். வழக்கமாக யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அன்று அங்கயற்கண்ணி கை தூக்கினாள். பழைய பெயர்களெல்லாம் மறுபடி பெருமையாகிவிட்ட காலம் அது. வகுப்பில் எல்லோருக்கும் அவள் அங்கை. கெட்டிக்காரப் பெண், எதையும் நேராகப் பார்க்கிறவள். சுகிர்தாவுக்கு நெஞ்சு ஒரு தரம் துள்ளிற்று.

"மிஸ், எனக்கு அம்பத்தொம்பதுதான் வந்திருக்கு. ஒண்ணு சேத்து அறுபது போட்டுருவீங்களா?"

சுகிர்தாவுக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த பட்டையைச் சுவரில் அடித்திருப்பாள். அடிக்கவில்லை, அரசாங்கச் சொத்து. 'போட்டுடறேன், உக்காரு' என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வராந்தாவில் நிற்கும்போது கோபம் யார்மேல் என்று யோசித்தாள். பிள்ளைகள்மேல் எப்படிக் கோபப்படுவது? அழுதால் மார்க் என்றார்கள், அழுதார்கள். தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தும் தன்னால் ஒரு கேள்வியை அவர்கள் வாயிலிருந்து வரவழைக்க முடியவில்லையே என்ற எரிச்சல்தான் அவளை அரித்தது.

நேரே தலைமையாசிரியர் கோதண்டத்திடம் போனாள். உள்ளூர்க்காரர் நினைவைப் பள்ளிக்குக் கேட்டு வாங்கலாம் என்று விதியில் இருக்கிறதே, அதற்கு விண்ணப்பம் போடுங்கள் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, பள்ளியின் அழுகைச் சராசரி மாவட்டத்திலேயே மூன்றாவது என்பதை நினைவூட்டினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பானேன் என்றார். யாருடைய நினைவு என்று கேட்டார். என்னுடையது என்றாள் சுகிர்தா.

கோதண்டம் உடனே கையெழுத்துப் போட்டார். அனல் வாரத்தில் அவளுக்கு ஒன்பது வயது என்பது அவருக்கு அதுவரை தெரியாது. அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது அவள் அப்பா, புளியும் மிளகாயும் அடுக்கிவைக்கும் ஒரு குளிர்பதனக் கிடங்கில் காவலாளி. மின்சாரம் போன இரண்டாம் நாளே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கதவைச் சாத்தி வைத்தால் கிடங்கு ஒரு வாரம் குளிர்ச்சி தாங்கும். அக்கம்பக்கத்துக் கிழவர்களையும் கைக்குழந்தைக்காரிகளையுமாக இருபது பேரை உள்ளே படுக்கவைத்தார். கிடங்குக்கு இரண்டு கதவு. உள்கதவு ஒரு சாண் கனம். உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே இடி விழுந்தாலும் கேட்காது. இரண்டு கதவுக்கும் நடுவில் ஒரு சின்ன அறை. அங்கே சுகிர்தாவை உட்காரவைத்து, வெளிக்கதவின் தாழ்ப்பாளை அவள் பொறுப்பில் விட்டுவிட்டு, அவர் தண்ணீர் தேடிப் போனார். என் குரல் கேட்டால் மட்டும் திற, கூட்டம் புகுந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் மத்தியானம் கதவு தட்டப்பட்டது. கூட்டம் ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு மிதுனா. அவளுக்கும் ஒன்பது வயது. "சுகி, கதவத் திறடி" என்றாள்.

சுகிர்தாவின் கை தாழ்ப்பாளுக்குப் போயிற்று. போன கை அங்கேயே நின்றது. காரணம் அப்பாவும் இல்லை, கூட்டமும் இல்லை. மின்சாரம் போவதற்கு முந்தின நாள் பாண்டி ஆடும்போது, கோட்டை மிதித்தாய், மிதிக்கவில்லை என்று இருவருக்கும் சண்டை. மிதுனா காய் விட்டுவிட்டாள். காய் விட்டவள்தான் முதலில் வந்து பழம் விட வேண்டும். உலகத்தில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான சட்டம் அது என்றுதான் சுகிர்தா நினைத்திருந்தாள். பழம் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், திறக்கிறேன். வெளியே தட்டத் தட்ட அவளுக்கு வீம்பு ஏறியது. இத்தனை தரம் சுகி சுகி என்கிறாளே, பழம் என்று சொல்ல வாய் வலிக்கிறதா? பிறகு தட்டுவது குறைந்தது. பிறகு நின்றுபோயிற்று. கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சுகிர்தா நினைத்தாள். அழுகையாக வந்தது, அவள்மேல் இன்னும் கோபம் வந்தது.

சாயங்காலம் அப்பா வந்து, கிடங்கு வாசலில் நின்ற லாரிக்கு அடியில் மிதுனாவைப் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே வந்து மகளைக் கட்டிக்கொண்டு, நீ திறக்காமல் இருந்ததுதான் சரி, திறந்திருந்தால் உள்ளே இருக்கிற இருபது பேரும் போயிருப்பார்கள் என்றார். நடுவில் இன்னொரு கதவு இருக்கிறது, வெளிக்கதவை ஒரு நொடி திறந்தால் துளிக் குளிரும் போகாது என்பது ஒன்பது வயதுக்கே தெரிந்திருந்தது. அந்தப் பாராட்டைத்தான் அவளால் முப்பத்தேழு வருடமாகச் செரிக்க முடியவில்லை.

மாவட்ட நினைவு மையத்தில் நினைவெடுக்கிறவர் பெயர் அன்வர். ஐம்பது வயதிருக்கும், சதா தூக்கம் போதாத முகம். விண்ணப்பத்தைப் படித்துவிட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"டீச்சர், முதல்லயே சொல்லிடறேன். இது நகல் எடுக்கறது இல்ல. நாத்து பிடுங்கி நடற மாதிரி. அங்க போய் முளைச்சுடும். இங்க ஒண்ணும் மிஞ்சாது."

"தெரியும்."

"தெரியும்னு எல்லாரும்தான் சொல்றாங்க. கருணாகரன் ஐயாவும் அப்படித்தான் சொன்னாராம்."

கருணாகரனை அவள் பார்த்திருக்கிறாள். போன வருடம் மாவட்ட விழாவில் மேடையில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். பெரியவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற சுகிர்தாவிடம், இன்றைக்கு என்ன விசேஷம் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவருடைய மூன்று நாள் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது.

மனதில் ஓடிய பேச்சும் பிள்ளைகளுக்குக் கேட்குமா என்று சுகிர்தா விசாரித்தாள். கேட்காது என்றார் அன்வர். கண் பார்த்தது, காது கேட்டது, உடம்பு உணர்ந்தது, இவ்வளவுதான் போகும். என்ன நினைத்தோம், ஏன் செய்தோம் என்பது போகாது. போகாதே தவிர, இங்கே தங்கவும் தங்காது. வேரோடு ஒட்டிய மண் மாதிரி, கூட இருக்கிறதும் உதிர்ந்துவிடும்.

"அப்ப, ஏன்னு அவங்க கேப்பாங்க," என்றாள் சுகிர்தா.

"கேக்கத்தான் செய்வாங்க."

"அது போதும் எனக்கு."

அன்வர் விண்ணப்பத்தை மடித்து வைத்தார். இங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கொடுக்க வருவதில்லை, மறக்க வருகிறார்கள் என்றார். நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் சுகிர்தா அன்று முழுவதும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிள்ளைகளுக்காகத்தான். சத்தியமாகப் பிள்ளைகளுக்காகத்தான். ஆனால் மறந்துபோகும் என்று அவர் சொன்னபோது மனதின் ஒரு மூலையில் அப்பாடா என்றிருந்ததே, அதற்கு என்ன சொல்வது? அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

எதையும் விடாமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல அது ஒன்றுதான் இருக்கும் என்று அன்வர் நூறு தடவை படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சுகிர்தா நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருடம் விடைத்தாள் திருத்திய கை. அதற்குத் தெரிந்த மாதிரிதான் எழுதும். இடம், நாள், உடனிருந்தோர், நிகழ்ந்தது, காரணம், விளைவு என்று தலைப்புப் போட்டு அடிக்கோடு இட்டாள். நிகழ்ந்தது எட்டுப் பக்கம் வந்தது. தாழ்ப்பாளின் துரு, புளியின் வாடை, எத்தனை முறை தட்டல் கேட்டது, எல்லாம் எழுதினாள். காரணத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

நாற்பத்தாறு வயசுப் பொம்பளை, அதுவும் வரலாற்று டீச்சர், 'காய் விட்டிருந்தோம்' என்று எழுதுவதா? ஒரு பிள்ளை செத்ததற்கு இதுவா காரணம் என்று படிக்கிறவர்கள் காறித் துப்பமாட்டார்களா? எழுதினாள், அடித்தாள். பக்கத்தைக் கிழித்தாள். கடைசியில் 'வேறு யார் வந்தாலும் திறக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார்' என்று எழுதிவைத்தாள். பொய்யில்லை, அப்பா சொல்லியிருந்தார்தான். சரியானதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறந்துபோகும் என்பது அவள் புத்திக்கு எட்டியதே தவிர மனதுக்கு எட்டவில்லை. முப்பத்தேழு வருடம் கூடவே சாப்பிட்டு, கூடவே தூங்கி எழுந்த ஒன்று போய்விடும் என்று யாரால்தான் நம்ப முடியும்?

எடுப்பதற்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. வெளியே வந்தபோது அவளுக்கு நல்ல பசி. எதிரே இருந்த கடையில் இரண்டு தோசை சாப்பிட்டாள். மூன்றாவதும் கேட்டு வாங்கினாள். எதற்காக இந்தப் பக்கம் வந்தோம் என்பது தெரிந்திருந்தது, என்ன கொடுத்தோம் என்பது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்துப் படித்தாள். தன் கையெழுத்துதான். தலைப்புகள் ஒழுங்காக இருந்தன, வரிசை கெடவில்லை, காரணமும் தெளிவாக இருந்தது. பாவம் அந்தக் குழந்தை என்று தோன்றியது. நல்ல விடை, ஐந்துக்கு நாலரை போடலாம் என்றும் தோன்றியது.

அடுத்த திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்குப் புதிய நினைவு வந்தது. இருபது பேரை உள்ளே விட்டதிலிருந்து, சாயங்காலம் அப்பா வந்து லாரிக்கு அடியில் பார்த்ததைச் சொன்னதுவரை, மொத்தம் ஏழு நிமிடம். பிள்ளைகள் இரண்டாம் தடவை அழ வேண்டுமா என்று முணுமுணுத்துக்கொண்டே பட்டையைக் கட்டினார்கள். சுகிர்தா மேசை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நிமிடத்தில் நாற்பத்தொரு வலது கைகளும் ஒரே நேரத்தில் கொஞ்சம் மேலே எழுந்து, அந்தரத்தில் நின்றன. யாரும் அழவில்லை.

முடிந்து கழற்றியபோது ஒருவரும் மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் இருந்த பையன் ஒருவன் எழுந்து போய், சாத்தியிருந்த வகுப்பறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பிறகு முன்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. மின்சாரம் யாரால் போயிற்று மிஸ்? இன்னொன்று வந்தது. குளிர்ந்த இடம் ஊரில் இன்னும் எத்தனை இருந்தது, அதையெல்லாம் யார் பூட்டி வைத்திருந்தார்கள்? லாரி இருந்ததே, அதில் ஏற்றி ஆட்களைக் கொண்டுபோயிருக்கக் கூடாதா? கிழவர்களை உள்ளே விட்டது சரி, ஒன்பது வயசுப் பிள்ளையை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை?

சுகிர்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பன்னிரண்டு வருடம் வாயில்லாப் பூச்சிகளாக உட்கார்ந்திருந்த பெஞ்சுகள் இவை. ஒவ்வொன்றுக்கும் தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தேடிப்பார்ப்போம் என்றாள். கரும்பலகையில் கேள்விகளை எழுத எழுத இடம் போதவில்லை. கோதண்டம் வாசல் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இவ்வளவு நாள் சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கவில்லை, பிள்ளைகளோடுதான் இருந்திருக்கிறோம் என்று அவளுக்கு முதன்முறையாக நம்பிக்கை வந்தது.

அங்கை மட்டும் கை தூக்காமல் தன் வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுகிர்தா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"மிஸ், அந்தப் பொண்ணு தட்டிச்சே," என்றாள் அங்கை. "நீங்க ஏன் திறக்கல?"

கேட்டுவிட்டாளே என்று சுகிர்தாவுக்கு உள்ளுக்குள் பூரித்தது. இந்தக் கேள்விக்காகத்தானே எல்லாம். பதிலும் தயாராக இருந்தது. நோட்டைப் பார்க்கக்கூடத் தேவையில்லை. கூட்டம் புகுந்துவிடும் என்று அப்பா எச்சரித்திருந்தார், ஒன்பது வயதுக் குழந்தை பயந்துவிட்டது, பெரியவர்கள் சுமக்க வேண்டியதைச் சின்னக் கையில் கொடுத்தார்கள் என்று நிதானமாக விளக்கினாள். மற்ற பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். அங்கை தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டவில்லை.

"பயம் இல்ல மிஸ். பயந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? வயிறு கலங்கும். இது அப்படி இல்ல. நெஞ்சுல கோவமா இருந்துச்சு. அவ கூப்பிடக் கூப்பிடக் கூடிக்கிட்டே போச்சு."

ஆமாம் மிஸ் என்றது முன்வரிசை. எனக்கும் அப்படித்தான் இருந்தது என்றான் கதவைத் திறந்துவைத்த பையன். அவ ஏதோ சொல்லணும்னு காது காத்துக்கிட்டே இருந்துச்சே என்றது ஒரு குரல்.

"ஆமா மிஸ், காத்துக்கிட்டிருந்தோம்," என்றாள் அங்கை. "அவ என்ன சொல்லியிருக்கணும்? சொல்லியிருந்தா திறந்திருப்போம் மிஸ். கை தாப்பாள்லதான் இருந்துச்சு."

சுகிர்தா நோட்டை எடுத்தாள். காரணம் என்ற தலைப்பைத் தேடிப் படித்தாள். ஒரே ஒரு வரிதான் இருந்தது. பக்கத்தைத் திருப்பினாள், விளைவு தொடங்கிவிட்டிருந்தது. முன்பக்கத்துக்குப் போய் உடனிருந்தோர் பட்டியலைப் பார்த்தாள். மிதுனா, வயது ஒன்பது, பக்கத்து வீடு என்று இருந்தது. வேறொன்றும் இல்லை. பிள்ளைகள் நாற்பத்தொரு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

"கோவமா?" என்றாள் சுகிர்தா. "அந்தப் பொண்ணு மேல எனக்கென்னம்மா கோவம்?"